பின்னி மில் பக்கத்தில் இருந்த தாத்தா கடை: வரலாறு எழுத எங்கே தேடலாம்?

ஓட்டேரி மீனா:
தாத்தா பெரம்பூர் பாரக்ஸ் ரோட்டில் கடை வைத்திருந்தார். கீழே பாத்திரம், ட்ரங்குப் பெட்டி, மாடியில் ஜவுளி. குடை, பாய், ஸ்லேட்டு எல்லாமே கிடைக்கும். அவருக்குப் பிறகு அப்பாவும் சித்தப்பாவும் நடத்தினார்கள். கடை மூடி ரொம்ப நாளாகிறது, இப்போது அதன் வரலாற்றை எழுதுகிறேன்.

கையில் இருப்பது பற்று நோட்டுகள் மட்டும். பாதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் 'மில்' என்று தாத்தா குறித்திருக்கிறார். சம்பளம் வந்ததும் வரவு விழுகிறது. வேலைநிறுத்தம் என்றால் பக்கம் பக்கமாகப் பற்றுதான். 1996இல் மில் மூடிய பிறகு பல கணக்குகளில் வரவே இல்லை. அப்பா யார் வீட்டுக்கும் போய்க் கேட்கவில்லை. தி.நகர் பெரிய கடைகளால்தான் நொடித்தோம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நோட்டைப் பார்த்தால் மில்லோடுதான் கடையும் போயிருக்கிறது. இதை உறுதி செய்ய வேறு என்ன ஆவணம் தேடலாம்?

புளியந்தோப்பு பெரியவர்:
நான் பின்னியின் கர்னாடிக் மில்லில் நெசவில் இருந்தவன் மா. சம்பளத்தன்று வட்டிக்காரர்கள் வாசலிலேயே நிற்பார்கள். ஜவுளிக்கடைக்காரர் நின்று நான் பார்த்ததில்லை. நாங்களே போய்க் கட்டுவோம், அப்போதுதான் தீபாவளிக்கு மறுபடி துணி எடுக்கலாம். நாங்கள் நெய்த காக்கியையே கடையில் வாங்கித்தான் பிள்ளைகளுக்கு நிஜார் தைத்தோம். உன் அப்பா கேட்காமல் விட்டதை அவசியம் எழுது. கடன் வைத்தவர்கள் பெயரை மட்டும் போடாதே, அவர்கள் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

பழைய காகிதம்:
மீனா, மில்லுக்கும் கடைக்கும் உள்ள உறவை இன்னும் முன்னால் போய்த் தொடங்குங்கள். செல்வபதி செட்டியாரின் துணிக்கடையில்தான் மில் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்வார்கள். அவரும் ராமாநுஜுலு நாயுடுவும் முயன்றதில்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்.

உங்கள் சந்தேகத்துக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் கடை இடத்தின் வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவு செய்த அடமானம், விற்பனை எல்லாம் தேதியோடு வரும். 1996க்கு முன்பா, பின்பா என்று தெரிந்துவிடும்.

ஓட்டேரி மீனா:
நன்றி. அடமானம் பற்றிச் சித்தப்பா ஒருமுறை சொன்ன ஞாபகம். சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். ஐயா, பெயர்கள் வராது. நீங்கள் எந்தக் கடையில் பற்று வைத்திருந்தீர்கள்? நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்ளலாமா?