ஹேண்டிகேமில் குறும்படம் எடுக்கிறோம், கல்யாண வீடியோ மாதிரியே வருகிறது. 12,000 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

தறிக்கார வீட்டுப் பையன்
வணக்கம். நான் திண்டுக்கல் பக்கம், சின்னாளப்பட்டி. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கைத்தறி நெய்கிற அப்பா, படிப்பை நிறுத்தப் பார்க்கும் மகள், இதுதான் கதை, 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேமரா சோனி ஏஎக்ஸ்53 ஹேண்டிகேம், கையடக்க வீடியோ கேமரா. அமெரிக்காவில் இருக்கும் மாமா ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது. வேறு கேமரா வாங்க வழியே இல்லை, அந்த யோசனையை மட்டும் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்.

படம் சினிமா மாதிரி வரும் என்று நம்பி ஆன்லைனில் ஒரு "சினிமாட்டிக் கிட்" வாங்கினேன். 0.45 வைடு லென்ஸ், 2எக்ஸ் டெலி லென்ஸ், யுவி ஃபில்டர், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி2, என்டி4, என்டி8 ஃபில்டர்கள், கேமரா தலையில் மாட்டும் குட்டி எல்இடி லைட். அது போதாது என்று தனியாக ஒரு வேரியபிள் என்டி வேறு, திருப்பினால் இருட்டு கூடும். இப்போது என் தலைவலி:

வைடு லென்ஸ் போட்டால் ஓரமெல்லாம் கருப்பு வட்டம், மூலைகள் மங்கல். வேரியபிள் என்டியை முழுக்கத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இருட்டு விழுகிறது, முகமெல்லாம் காவி அடித்த மாதிரி இருக்கிறது. வீட்டுக்குள் டியூப்லைட்டில் எடுத்தால் பட்டை பட்டையாக ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்ததைப் பார்த்த நண்பன் "மாப்பிள்ளை எப்போது வருவார்?" என்று கேட்டுவிட்டான்.

இன்னும் 12,000 ரூபாய் கையில் இருக்கிறது. கிம்பல் (கேமரா ஆடாமல் தாங்கும் கைப்பிடி) வாங்கலாமா, வெளிச்சத்தை மென்மையாக்கும் பிளாக் மிஸ்ட் ஃபில்டரா, லென்ஸ் மேல் வெளிச்சம் நேராக அடிக்காமல் மறைக்கும் மேட் பாக்ஸா? ஒரு முடிவு சொல்லுங்கள்.

டீ_பிஸ்கட்
பேசாமல் மொபைலில் எடுங்கள் ப்ரோ. வேலை முடிந்தது.

நிழல்
டீ பிஸ்கட், அவர் கேட்டது அது இல்லை. அந்தக் கேமராவில் 20 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருக்கிறது, மொபைலில் அது எங்கே கிடைக்கும்? அதுதான் இவருக்கு உதவப்போகிற விஷயம், கீழே சொல்கிறேன்.

நண்பா, எதையும் வாங்குவதற்கு முன்னால் சில கேள்விகள். எந்த ஃபார்மேட்டில் பதிவு செய்கிறீர்கள்? ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் (தனிப்படமும்) வெளிச்சம் வாங்கும் நேரம், ஆட்டோவில் இருக்கிறதா? மெனுவில் 25பி (நொடிக்கு 25 ஃப்ரேம்) இருக்கிறதா, 24பி இருக்கிறதா? எல்இடியைக் கேமரா மேலேயே மாட்டி முகத்துக்கு நேராக அடிக்கிறீர்களா?

தறிக்கார வீட்டுப் பையன்
ஏவிசிஹெச்டி ஃபார்மேட், 60ஐ, நொடிக்கு 60 அரைப் படம். கார்டில் இடம் மிச்சமாகும் என்று அப்படி வைத்தோம். ஷட்டர் ஆட்டோதான். 25 தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை. 24பி, 30பி, 60பி இருக்கிறது. லைட் கேமரா மேலேதான் மாட்டியிருக்கிறேன், மாட்டுவதற்கு அங்கே ஒரு இடம் கொடுத்திருக்கிறார்களே.

நிழல்
உங்கள் கல்யாண வீடியோவின் ரகசியம் முழுக்க இந்தப் பதிலிலேயே இருக்கிறது. காசு செலவில்லாமல் சரி செய்ய வேண்டியதை முதலில் முடிப்போம்.

அது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி-க்குச் செய்த கேமரா. அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. நம் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னி மின்னி எரிகிறது, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/60-இல் நின்றால் ஒரு ஃப்ரேமுக்கு ஒரு அளவு வெளிச்சம், அடுத்ததற்கு வேறு அளவு, அதுதான் பட்டையாக ஓடுகிறது. ஷட்டரைக் கையால் 1/50-இல் வையுங்கள், அது கிடைக்காவிட்டால் 1/100. பட்டை நின்றுவிடும். மலிவான எல்இடி சிலது வெளிச்சத்தைக் குறைத்தால் தானே வேறு வேகத்தில் மின்னும், அதற்கு மட்டும் இந்த வைத்தியம் கேட்காது. அந்த லைட்டை முழு வெளிச்சத்தில் வைத்து, தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

60ஐ-யை விட்டுவிட்டு எக்ஸ்ஏவிசி எஸ் 4கே என்ற ஃபார்மேட்டில் 24பி-க்கு மாறுங்கள். எடிட்டிங்கில் டைம்லைனும் 24 ஆகவே இருக்கட்டும், 25-இல் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுக்க யு3 என்று போட்ட கார்டு வேண்டும், 60 எம்பிபிஎஸ் என்றால் நல்ல கிளாஸ் 10 கார்டே போதும். கண்ணை உறுத்தும் அந்த வழுக்கலான "வீடியோ" அசைவு 60-ஆல் வருவது. 24 ஃப்ரேம், 1/50 ஷட்டர் சேர்ந்தால் கை அசைவில் ஒரு மெல்லிய கலங்கல் வரும். சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம் எக்ஸ்போஷர், அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்ற அளவு. ஜன்னலைத் தாண்டி ஒருவர் நடந்தால் படம் தானாக இருண்டு மறுபடி வெளுக்கிறதே, அதைப் போலக் காட்டிக்கொடுப்பது வேறு எதுவும் இல்லை. எக்ஸ்போஷரையும், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வொயிட் பேலன்ஸையும் ஷாட்டுக்கு ஷாட் பூட்டி வையுங்கள்.

இப்போது என்டி எதற்கு என்று புரிந்திருக்கும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100-க்கு 1/50 வைத்தால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பை, எஃப்22 வரை மூட வேண்டும், எஃப் எண் கூடினால் திறப்பு சின்னது. அந்தச் சின்ன சென்சாரில் (படம் பதியும் சில்லு) அவ்வளவு மூடினால் படம் கூர்மையே இல்லாமல் போய்விடும், எஃப்4 பக்கம் இருந்தால் நல்லது. எஃப்22-க்கும் எஃப்4-க்கும் 5 ஸ்டாப் இடைவெளி, ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி, ஐந்து தடவை பாதியாக்கினால் 32-இல் ஒரு பங்கு, அதாவது என்டி32. உங்கள் கிட்டில் இருக்கும் என்டி4 இரண்டு ஸ்டாப், என்டி8 மூன்று ஸ்டாப். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று மாட்டினால் கணக்கு சரி! வைடில் (ஜூம் இழுக்காமல்) ஓரம் வெட்டும், கொஞ்சம் ஜூம் செய்தால் வெட்டாது. முதலில் அதை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிடித்தால் 55 மி.மீ. அளவில் நல்ல என்டி32 ஒன்று மட்டும் வாங்குங்கள்.

வேரியபிள் என்டி என்பது ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு போலரைசர் கண்ணாடியை எதிரெதிராகத் திருப்புவதுதான். கடைசி வரை திருப்பினால் அந்தப் பெருக்கல் குறி வரும், வைடில் இன்னும் மோசமாக வரும். கடைசி எல்லைக்குப் போகாமல் பயன்படுத்தலாம், ஆனால் காவி நிறம் கண்ணாடியின் தரம், அதற்கு மருந்தில்லை.

செட்டிநாட்டு வீடியோக்காரர்
தம்பி, நான் காரைக்குடியில் இருபது வருடமாகக் கல்யாணம் எடுப்பவன். "கல்யாண வீடியோ மாதிரி" என்று திட்டும்போது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது, ஆனால் சொல்வது சரிதான். அந்த முகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சன் கன். 1000 வாட் லைட்டைத் தூக்கிப் பிடித்துப் பெண்ணின் முகத்துக்கு நேராக அடிப்போம், பாவம் கண்ணைத் திறக்க முடியாமல் சிரிக்கும். நீங்கள் அதையே சின்ன எல்இடியில் செய்துகொண்டிருக்கிறீர்கள். லைட்டை முதலில் கேமராவிலிருந்து கழற்றுங்கள்.

உங்கள் ஊரில் தறிக்கூடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஒரு பக்கம் ஜன்னல், உள்ளே இருட்டு. அதைவிட நல்ல லைட்டை யாரும் செய்து தர முடியாது. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். வெயில் நேராக அடித்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். முகத்தின் இருட்டுப் பக்கம் ரொம்பக் கருத்தால் ஒரு தெர்மாகோல் ஷீட்டைப் பிடியுங்கள், ரொம்ப வெளுத்தால் அதே இடத்தில் ஒரு கருப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள். இரண்டும் சேர்ந்து 200 ரூபாய் ஆகாது. பெரிய சினிமா ஷூட்டிங்கிலும் தெர்மாகோல் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

நிழல்
அண்ணன் சொன்னதற்கு மேல் லைட்டைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பின்னணி மங்கலாக வருவதற்கு மட்டும் வருகிறேன், அதைத்தானே எல்லோரும் சினிமாட்டிக் என்கிறார்கள்.

உங்கள் லென்ஸ் வைடில் 4.4 மி.மீ., எஃப்2. முதல் எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் உண்மையான திறப்பு, 2.2 மி.மீ.தான், குண்டூசித் தலை அளவு. அதில் எதுவும் மங்காது, மகளும் தெரிவாள், பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரின் தேதியும் தெரியும். ஜூமை முழுக்க இழுத்தால் 88 மி.மீ., எஃப்3.8, திறப்பு 23 மி.மீ., பத்து மடங்குக்கு மேல். ஆகவே கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் போங்கள், ஜூம் செய்யுங்கள், ஆளைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்து உட்கார வையுங்கள். தறிக்கூடத்தில் பின்னால் போக இடமில்லை என்றால் வாசலுக்கு வெளியே தெருவில் நின்று கதவு வழியாக எடுங்கள், கதவு நிலையே ஒரு ஃப்ரேம் ஆகிவிடும். ஒரு எச்சரிக்கை, நண்பகலில் ரோட்டில் முழு ஜூம் போனால் கானல் அலையடிக்கும். காலையிலேயே எடுத்து முடித்துவிடுங்கள்.

அதனால் வைடு லென்ஸ், டெலி லென்ஸ் இரண்டையும் மறந்துவிடுங்கள். முன்னால் திருகும் மலிவான வைடு, நல்ல லென்ஸுக்கு மேல் சுமாரான மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி. 20 மடங்கு ஜூம் இருக்கும்போது 2எக்ஸ் டெலி எதற்கு? ஒரு காலத்தில் கேம்கார்டர் முன்னால் தேய்த்த கண்ணாடியும் ஸ்டில் கேமரா லென்ஸும் மாட்டிப் பின்னணியை மங்கடிக்கும் பெரிய அடாப்டர் எல்லாம் இருந்தது, படம் தலைகீழாகத் தெரியும், வெளிச்சத்தைப் பாதி தின்னும். 2008-இல் நிக்கான் டி90, கேனன் 5டி மார்க் 2 என்று வீடியோவும் எடுக்கும் ஸ்டில் கேமராக்கள் வந்ததும் அந்தச் சந்தையே படுத்துவிட்டது. யாராவது பழையதை விற்கிறேன் என்று வந்தால் வாங்கிவிடாதீர்கள்.

கிம்பல் வேண்டாம். அந்தக் கேமராவில் லென்ஸ் கூட்டையே அசைத்து ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெடி ஷாட் இருக்கிறது, அதுவே பாதி கிம்பல். பிளாக் மிஸ்ட் ஆசை இருந்தால் 1/8 என்ற மெல்லிய வகை போதும், ஆனால் சின்ன சென்சாரில் வைடு வைத்து வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் ஃபில்டரில் இருக்கும் புள்ளிகளே படத்தில் தெரியலாம். மேட் பாக்ஸுக்குப் பதில் கருப்புச் சார்ட் பேப்பர், டேப். யுவி ஃபில்டரை இரவுக் காட்சியில் கட்டாயம் கழற்றுங்கள், தெருவிளக்கு இரண்டிரண்டாகத் தெரியும்.

டீ_பிஸ்கட்
இதில் ஒன்றும் வாங்கவே இல்லையே. 12,000 என்ன ஆகும்?

ஒலிப்பதிவு_செல்வி
அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். தம்பி, கேட்டதில் ஒரு இடத்திலாவது மைக் என்று எழுதினீர்களா? படம் சுமாராக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். நிழல் சொன்ன மாதிரி தெருவில் நின்று ஜூம் செய்தால் கேமராவில் இருக்கும் மைக்குக்கு பால்காரர் மணிதான் கேட்கும்.

ஒரு காலர் மைக் வாங்குங்கள். போயா பிஒய்-எம்1 மாதிரி ஒயர் மைக்கே போதும், 6 மீட்டர் ஒயர் வரும், உள்ளே எல்ஆர்44 பேட்டரி, மொபைல், கேமரா என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அந்தச் சுவிட்சைத் தப்பாக வைத்துவிட்டு "மைக் வேலை செய்யவில்லை" என்று புலம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மைக்கை நடிகரின் பாக்கெட்டில் இருக்கும் ஒரு பழைய மொபைலில் செருகிப் பதிவு செய்யுங்கள், ஷாட் ஆரம்பத்தில் ஒரு கைத்தட்டு, எடிட்டிங்கில் அந்தத் தட்டை வைத்து ஒட்டிவிடலாம். கேமராவின் சொந்த மைக்கும் ஓடட்டும், ஒட்டுவதற்கு அது வேண்டும். மொபைலை ஏரோப்ளேன் மோடில் போட மறக்க வேண்டாம்.

தறி ஓட ஓட வசனம் எடுக்கிறீர்களா? நாடா அடிக்கும் சத்தத்தில் எந்த மைக்காலும் பிழைக்க முடியாது. வசனத்தின்போது தறி நிற்கட்டும். தறிச் சத்தத்தைத் தனியாக இரண்டு நிமிடம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் அடியில் கலந்துகொள்ளுங்கள். அந்த அறையின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் எடுங்கள், வெட்டு தெரியாமல் ஒட்ட அது ரொம்ப உதவும்.

நிழல்
செல்வி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. மைக் முதலில், என்டி32 அடுத்து, மிச்சம் முழுக்க ட்ரைபாட். ஜூமில் எடுக்கப் போகிறீர்கள், ட்ரைபாட் ஆடினால் எல்லாம் போச்சு. ஃபோட்டோ ட்ரைபாட் வேண்டாம், வழுக்கிக்கொண்டு சுழலும் ஃப்ளூயிட் ஹெட் வேண்டும். மலிவானதில் பான் செய்யும்போது (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது) முதலில் ஒட்டிக்கொண்டு அப்புறம் வெடுக்கென்று கிளம்பும். கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி அதைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும்.

தறிக்கார வீட்டுப் பையன்
ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 24பி, 1/100 வைத்தேன், பட்டை ஓடவே இல்லை. அப்பா தறியில் உட்கார்ந்திருக்கும் ஷாட்டை வாசலுக்கு வெளியே இருந்து வேட்டி, தெர்மாகோலோடு எடுத்தோம். "மாப்பிள்ளை" என்று கேட்ட நண்பன் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி ஒருதரம் போடச் சொன்னான். என்டி4, என்டி8 சேர்த்து வெயிலில் எடுத்ததில் லேசாகப் பச்சை அடிக்கிறது, அதனால் நல்லதாக ஒன்று ஆர்டர் போட்டுவிட்டேன். மைக் வந்துவிட்டது, செல்வி அக்கா, முதல் நாள் நானும் சுவிட்சைத் தப்பாகத்தான் வைத்திருந்தேன்.

ட்ரைபாட்தான் முடிவாகவில்லை. மிச்சம் 8,500 இருக்கிறது, கடையில் பார்த்ததெல்லாம் பான் செய்தால் உதறுகிறது.

செட்டிநாட்டு வீடியோக்காரர்
தம்பி, அவசரப்பட்டு வாங்காதீர்கள். டேப் கேமரா காலத்து ட்ரைபாட் ஒன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது, தலை உட்கார 75 மி.மீ. கிண்ணம், தலை இன்னும் எண்ணெய் மாதிரி சுழலும். படம் முடிகிற வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கனமான கேமராவுக்குச் செய்தது, உங்கள் ஹேண்டிகேம் முக்கால் கிலோகூட இருக்காது, சாய்த்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கேமராவை மேலே தள்ளிவிடும். பிளேட்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு இரும்புத் தகடு வைத்து எடையைக் கூட்ட வேண்டும்.

தறிக்கார வீட்டுப் பையன்
அண்ணே, நிஜமாகவா? சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். தகடு எவ்வளவு கனம் வேண்டும்?

செட்டிநாட்டு வீடியோக்காரர்
கேமராவையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், இங்கேயே லேத் பட்டறையில் வைத்துப் பார்த்து வெட்டிக்கொள்ளலாம். ரப்பர் பேண்ட் தேவைப்படாது.