ரெண்டாவது ரவுட்டர் மாட்டுனா வீடு முழுக்க நெட் போயிடுது, எங்க தப்பு பண்றேன்?

மாடிரூம்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க ப்ளீஸ். எங்க வீட்ல ஃபைபர் லைன், 200 எம்பிபிஎஸ். ரவுட்டர் கீழ ஹால்ல டிவிக்கு பின்னாடி இருக்கு, ஹால்ல எந்த குறையும் இல்ல. மாடியில என் ரூமுக்கு வந்தா ஒரே ஒரு கோடுதான் காட்டும், கதவை சாத்துனா அதுவும் போயிடும். நான் அங்க உக்காந்துதான் வேலை பாக்கறேன், மீட்டிங்ல பேசிட்டே இருப்பேன், அந்தப் பக்கம் "உங்க குரல் வரல"ன்னு சொல்லுவாங்க, நான் போனை தூக்கிட்டு படிக்கட்டுக்கு ஓடணும். ஆறு மாசமா இதே பாடு.

பழைய ரவுட்டர் ஒன்னு பீரோ மேல சும்மா கிடந்துச்சு. சரி அதை மாடியில வெச்சுடலாம்னு 20 மீட்டர் கேட் 5இ கேபிள் எடுத்து படிக்கட்டு ஓரமா இழுத்து ரெண்டு முனையும் நானே க்ரிம்ப் பண்ணேன் (ப்ளக் வெச்சு அழுத்தி மாட்டுறது). கீழ ரவுட்டரோட லேன் போர்ட்ல (வீட்டு சாதனங்களை மாட்டுற ஓட்டை) ஒரு முனை, பழைய ரவுட்டரோட லேன் போர்ட்ல இன்னொரு முனை. வைஃபை பேரு பாஸ்வேர்டு ரெண்டுலயும் ஒன்னுதான் வெச்சேன்.

மாட்டுன உடனே ஒரு பத்து நிமிஷம் எல்லாம் ஓடுச்சு. அப்புறம் கீழ அம்மா போன்ல "வைஃபை கனெக்ட் ஆயிருக்கு, இன்டர்நெட் இல்ல"ன்னு வருது, தங்கச்சி லேப்டாப்ல வருது, கொஞ்ச நேரத்துல டிவியும் நின்னுபோச்சு. மாடி கேபிளை புடுங்குனா அஞ்சு நிமிஷத்துல எல்லாம் பழையபடி. திரும்ப மாட்டுனா திரும்ப அதே கதை. நாலு தடவை பண்ணி பாத்துட்டேன். ரெண்டு ரவுட்டருக்கும் செட்டிங்ஸ் பேஜ் 192.168.1.1தான், அது பிரச்சனையா? இல்ல பழைய ரவுட்டரே போச்சா? வேன் போர்ட்ல (வெளிய இருந்து வர்ற இன்டர்நெட் லைனுக்கான ஓட்டை) சொருகணுமா, ரிப்பீட்டரா (வைஃபையை வாங்கி திரும்ப வீசுற மாதிரி) போடணுமா, ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க, குழப்பமா இருக்கு.

ராத்திரிபட்சி:
ப்ரோ சிம்பிள், மாடி ரவுட்டர்ல கேபிளை லேன்ல இருந்து எடுத்து வேன் போர்ட்ல போடுங்க, மாடி ரவுட்டரோட ஐபியை (நெட்வொர்க்ல அதோட முகவரி நம்பர்) மட்டும் 192.168.2.1ன்னு மாத்திடுங்க. எங்க வீட்ல ரெண்டு வருஷமா இப்படித்தான் ஓடுது.

கம்பிவலை:
முதல்ல உங்க ரவுட்டர் நல்லாத்தான் இருக்கு, தூக்கி போட்டுடாதீங்க. நீங்களே பாதி விடையை கேள்வியிலயே எழுதிட்டீங்க, ரெண்டுக்கும் 192.168.1.1.

ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தா தபால் எந்த வீட்டுக்கு போகும்? அதான் நடக்குது. உங்க அம்மா போன் வெளிய ஏதாவது அனுப்பணும்னா "192.168.1.1 யாரு?"ன்னு நெட்வொர்க் முழுக்க கேக்கும். முன்னாடி ஒரே ஆள் பதில் சொன்னாரு. இப்ப கீழ இருக்கற ரவுட்டரும் "நான்தான்"ங்குது, மாடி ரவுட்டரும் "நான்தான்"ங்குது. மாடி ரவுட்டரை நம்பி அனுப்புனா அங்க இன்டர்நெட் லைனே இல்ல, அனுப்புன டேட்டா பாக்கெட் அங்கயே செத்துடும். முதல் பத்து நிமிஷம் ஏன் ஓடுச்சுன்னா, போன்லாம் பழைய பதிலை கொஞ்ச நேரம் ஞாபகம் வெச்சிருக்கும், அது காலாவதி ஆகி மறுபடி கேக்கும்போதுதான் மாட்டிக்குது. கேபிளை புடுங்குனதும் சரியாகறதுக்கும் இதே காரணம்தான்.

ரெண்டாவது பிரச்சனை டிஹெச்சிபி. புதுசா வர்ற போனுக்கு லேப்டாப்புக்கு ஐபி நம்பர் எடுத்து குடுக்கறது அதோட வேலை. ஒரு வீட்ல அந்த வேலையை ஒருத்தர்தான் பாக்கணும். இப்ப உங்க வீட்ல ரெண்டு பேர் டோக்கன் குடுத்துட்டு இருக்காங்க, ஒரே நம்பர் ரெண்டு ஆளுக்கு போகவும் வாய்ப்பு இருக்கு.

அதனால இப்படி பண்ணுங்க. கீழ வர்ற கேபிளை கழட்டிட்டு மாடி ரவுட்டரை தனியா லேப்டாப்போட ஒரு சின்ன கேபிள்ல மாட்டுங்க. 192.168.1.1 போய் மொதல்ல வைஃபை பேரு, பாஸ்வேர்டு, சேனல் எல்லாம் செட் பண்ணிடுங்க, அப்புறம் லேன் செட்டிங்ஸ்ல அதோட ஐபியை 192.168.1.2ன்னு மாத்தி சேவ் குடுங்க, அது ரீஸ்டார்ட் ஆகும், இனிமே புது நம்பர்லதான் உள்ள போகணும். கடைசியா டிஹெச்சிபி சர்வரை ஆஃப் பண்ணுங்க. அதுக்கப்புறம் கீழ இருந்து வர்ற கேபிளை மாடி ரவுட்டரோட லேன் போர்ட்லயே சொருகுங்க, வேன் போர்ட் காலியா கிடக்கட்டும். அவ்வளவுதான், மாடி ரவுட்டர் இனி ரவுட்டரே இல்ல, வைஃபை வீசுற ஒரு ஸ்விட்ச். செட்டிங்ஸ்ல ஆக்சஸ் பாயிண்ட் மோட்னு தனியா இருந்தா அதை தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் இதெல்லாம் தானா நடந்துடும், அப்ப எந்த போர்ட்ல சொருகணும்னு அந்த பேஜ்லயே சொல்லும்.

ராத்திரிபட்சி சொன்ன வேன் போர்ட் முறையும் ஓடும், தப்பில்ல. ஆனா அதுல மாடிக்கு ஒரு நெட்வொர்க், கீழ ஒரு நெட்வொர்க்னு ரெண்டா பிரிஞ்சுடும், ஒரு நேட்டுக்குள்ள இன்னொரு நேட் (உள்ள இருக்கற எல்லாரையும் ஒரே ஐபிக்கு பின்னாடி வெச்சு வெளிய அனுப்பறதுதான் நேட்). யூட்யூப் பாக்க, மெயில் பாக்க ஒன்னும் தெரியாது. மாடியில இருந்து கீழ இருக்கற டிவிக்கு வீடியோ காஸ்ட் பண்ணலாம்னு பாத்தா டிவி பேரே லிஸ்ட்ல வராது, ப்ரின்டரை தேடுனா கிடைக்காது, அப்பத்தான் தலைவலி.

ராத்திரிபட்சி:
ஓ அதனாலதான் எனக்கு மாடியில ப்ரின்டர் காட்ட மாட்டேங்குதா! ரெண்டு வருஷமா ப்ரின்ட் எடுக்க லேப்டாப்பை கீழ எடுத்துட்டு போயிட்டு இருக்கேன், ப்ரின்டர்லதான் கோளாறுன்னு நெனச்சேன். நானும் மாத்திடறேன், நன்றி.

மாடிரூம்:
கம்பிவலை அண்ணா, கதவு எண் உதாரணம் அப்படியே புரிஞ்சுடுச்சு. சொன்ன மாதிரி ஐபி மாத்துனேன், உள்ள போனேன், டிஹெச்சிபி ஆஃப் பண்ணேன். அதுக்கப்புறம் அந்த பேஜே திறக்க மாட்டேங்குது. 192.168.1.2 அடிச்சா சுத்திட்டே இருக்கு. லேப்டாப்ல பாத்தா ஐபி 169.254ன்னு ஆரம்பிக்கற ஏதோ ஒரு நம்பர் காட்டுது. ரீசெட் பட்டனை அமுக்கவா?

கம்பிவலை:
வேணாம் வேணாம், ரீசெட் பண்ணா திரும்ப 192.168.1.1, டிஹெச்சிபி ஆன், முதல்ல இருந்து பண்ணணும். எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு. டோக்கன் குடுக்கறவரை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க, லேப்டாப் நம்பர் கேட்டு பாத்து யாரும் குடுக்கலன்னு தானா ஒரு நம்பர் போட்டுக்கிச்சு, அந்த 169.254 அதான். இப்ப கீழ இருந்து வர்ற கேபிளை மாடி ரவுட்டரோட லேன்ல சொருகுங்க, லேப்டாப்பை ஒரு தடவை கழட்டி மாட்டுங்க. கீழ இருக்கற ரவுட்டர் மாடி வழியாவே லேப்டாப்புக்கு நம்பர் குடுத்துடும், 192.168.1.2 திறக்கும்.

மாடிரூம்:
திறந்துடுச்சு!! ரெண்டு மணி நேரமா ஓடிட்டு இருக்கு, கீழயும் போகல, மாடியிலயும் போகல. அம்மாகிட்ட நாலு தடவை கேட்டுட்டேன், டிவி ஓடுதாம். ஆனா இன்னொரு சந்தேகம், மாடியில ஸ்பீடு டெஸ்ட் எடுத்தா 94க்கு மேல ஏற மாட்டேங்குது. கீழ ஹால்ல 190க்கு மேல வருது. ரவுட்டர் பக்கத்துலயே போனை வெச்சாலும் அதே 94. லேப்டாப்பை மாடி ரவுட்டர்ல கேபிள்லயே மாட்டி பாத்தேன், அதுலயும் 94.

சிக்னல்தேடி:
கேபிள்ல மாட்டி பாத்தது ரொம்ப நல்ல வேலை தம்பி, பாதி பேர் அதை பண்ணாம வைஃபையையே திட்டிட்டு இருப்பாங்க. 94ன்னு வந்து அப்படியே நிக்குதுன்னா எங்கயோ லிங்க் 100 எம்பிபிஎஸ்ல உக்காந்திருக்குன்னு அர்த்தம், 100 லிங்க்ல மேல்செலவு போக கைக்கு வர்றது அவ்வளவுதான். ரெண்டு இடத்துல பாருங்க. ஒன்னு, பழைய ரவுட்டரோட லேன் போர்ட் ஜிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்), இல்ல 100 மட்டும்தானா? 100 மட்டும்னா அதுக்கு மேல ஒன்னும் பண்ண முடியாது.

போர்ட் ஜிகாபிட்னா கேபிளை பாருங்க. நீங்களே க்ரிம்ப் பண்ணதா சொன்னீங்க, எனக்கு அங்கதான் சந்தேகம். உள்ள எட்டு கம்பி, நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்க்கு 1, 2, 3, 6 இந்த நாலு கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலம், பிரவுன் ஜோடியில ஒரு கம்பி தொடாம போனா நெட் வந்துட்டேதான் இருக்கும், ஆனா பெரும்பாலும் 100க்கு இறங்கிடும். ப்ளக்கை வெளிச்சத்துல புடிச்சு அந்த கண்ணாடி மாதிரி இருக்கற முனையை நேரா பாருங்க, எட்டு செம்பு புள்ளியும் தெரியணும். வரிசை பொதுவா எல்லாரும் போடறது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு முனையிலயும் இதே வரிசை. நீளத்தை பத்தி கவலைப்படாதீங்க, 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், நீங்க 20தான்.

மாடிரூம்:
அக்கா, ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்ல ஜிகாபிட்னு போட்டிருக்கு. கீழ முனை எட்டு புள்ளியும் தெரியுது. மாடி முனையில ஏழுதான்! கடைசி பிரவுன் கம்பி முனை வரைக்கும் வரவே இல்ல, ஒரு நெல்லு அளவு உள்ள தள்ளி நிக்குது, வெளிய இருந்து சும்மா பாத்தா தெரியவே தெரியாது, டார்ச் அடிச்சுதான் கண்டுபுடிச்சேன். அந்த முனையை வெட்டிட்டு எட்டு கம்பியையும் ஒரே மட்டத்துக்கு நறுக்கி புது ப்ளக் போட்டு க்ரிம்ப் பண்ணேன். இப்ப லேப்டாப்ல லிங்க் 1 ஜிகாபிட்னு காட்டுது, மாடியில 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில 186 வருது. எனக்கு கை கால் ஓடல.

ஒரே ஒரு குறைதான் பாக்கி. ஹால்ல இருந்து போனை எடுத்துட்டு மாடிக்கு வந்தா அது கீழ ரவுட்டரையே புடிச்சுட்டு தொங்குது, மாடி ரவுட்டர் கைக்கு எட்டற தூரத்துல இருக்கு, ஆனா ஒரு கோடுதான். வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மாடிக்கு மாறிடுது.

சிக்னல்தேடி:
மாறலாமா வேணாமான்னு கடைசியில முடிவு பண்றது போன்தான், ரவுட்டர் இல்ல. ஐபோன்லாம் சிக்னல் -70 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கற அலகு) கிட்ட இறங்குனாதான் வேற எங்க இருக்குன்னு தேடவே ஆரம்பிக்கும். அந்த நம்பர் மைனஸ்ல வரும், சைபருக்கு பக்கத்துல போகப் போக நல்லது. -50 அருமை, -67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும், -80ல ஒன்னும் நடக்காது. உங்க ரூம்ல கீழ ரவுட்டரோட 2.4 கிகாஹெர்ட்ஸ் (5ஐ விட தூரம் போற பேண்ட்) சிக்னல் ரெண்டுங்கெட்டானா வந்துட்டு இருக்கும், போனுக்கு அதை விட மனசு வராது. அதனால கீழ ரவுட்டர்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் பவரை ஹை ல இருந்து மீடியத்துக்கு இறக்குங்க. சிக்னல் பத்தலன்னு வந்து பவரை குறைக்க சொல்றேனேன்னு தோணும், ஆனா எனக்கு இது ஒன்னுதான் வேலை செஞ்சுது. ரெண்டு ரவுட்டர்லயும் 802.11கே, வி, ஆர்னு ஆப்ஷன் (போன் ரவுட்டர் மாறறதுக்கு உதவற வசதி) இருந்தா போட்டு பாருங்க, பழசுல அனேகமா இருக்காது.

அப்புறம் சேனல், அதாவது வைஃபை ஓடற அலைவரிசை நம்பர். 2.4ல ஒன்னோட ஒன்னு மோதாதது 1, 6, 11 மட்டும்தான், கீழ 1ன்னா மாடியில 6 இல்ல 11 போடுங்க, அகலம் 20 மெகாஹெர்ட்ஸே இருக்கட்டும். 5ல ஒன்னு 36ன்னா இன்னொன்னை லிஸ்ட்ல நல்லா தள்ளி இருக்கற நம்பர்ல வைங்க. பழைய ரவுட்டர்ல செக்யூரிட்டி டிகேஐபின்னு (பழைய வைஃபை பூட்டு முறை) இருந்தா கண்டிப்பா அதை விட புதுசான டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்க்கு மாத்துங்க, டிகேஐபில ஸ்பீடு 54 எம்பிபிஎஸைத் தாண்டாது, பாதுகாப்பும் இல்ல. ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள்ள ஓடற மென்பொருள்) அப்டேட் இருந்தா அதையும் போட்டுடுங்க.

வீடுபூராவைஃபை:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்ல கேபிள் இழுக்க வழியே இல்லாம ரிப்பீட்டர் மோட்லதான் ஒரு வருஷம் ஓட்டுனேன். ஒரே ரேடியோவுல வாங்கி அதுலயே திரும்ப அனுப்பறதால ஸ்பீடு பாதியாயிடும், அது ரவுட்டர் கோளாறு இல்ல, அந்த முறையே அப்படி. கேபிள் இழுக்க முடியறவங்க இழுத்துடுங்கன்னுதான் சொல்லுவேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: அப்புறம் நான் கேபிள் போட்டப்ப ரிப்பீட்டர் மோடை ஆஃப் பண்ண மறந்துட்டேன். அதே ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல கேபிள் ஒரு பாதை, வைஃபை ஒரு பாதைன்னு ஆகி டேட்டா வட்டம் அடிக்க ஆரம்பிச்சு எல்லா லைட்டும் ஒரே நேரத்துல வெறித்தனமா மினுக்குச்சு, ஒரு போன்லயும் நெட் இல்ல. கேபிள் போட்டா வேற எந்த பாதையும் இருக்கக்கூடாது, ஒன்னுக்கு ரெண்டா கேபிள் போடறதும் கூடாது.

இன்னொன்னு, கம்பிவலை சொன்னதுல ஒரு சின்ன விஷயம் விட்டுப்போச்சு. மாடி ரவுட்டருக்கு 192.168.1.2 குடுத்தீங்க. கீழ ரவுட்டர் எந்த நம்பர்ல இருந்து எதுவரைக்கும் குடுக்குதுன்னு டிஹெச்சிபி பேஜ்ல பாத்தீங்களா? நிறைய ரவுட்டர்ல 2ல இருந்துதான் ஆரம்பிக்கும். அப்படின்னா என்னைக்காவது அந்த 2 யாரோ ஒருத்தர் போனுக்கு போகும், திரும்ப ஒரே கதவு எண் ரெண்டு பேருக்கு.

கம்பிவலை:
சரியான பாயிண்ட், நான் சொல்லியிருக்கணும், விட்டுட்டேன். மாடிரூம், இதை இன்னைக்கே பாத்துடுங்க.

மாடிரூம்:
இப்பதான் பாத்தேன். 192.168.1.2ல இருந்து 254 வரைக்கும்னு இருந்துச்சு. அதை 100ல இருந்து 200ன்னு மாத்தி சேவ் பண்ணிட்டேன். கீழ 2.4 பவரையும் மீடியம் ஆக்கிட்டேன், சேனல் கீழ 1, மாடி 11. போனோட படிக்கட்டுல ரெண்டு தடவை ஏறி இறங்கி பாத்தேன், திரும்புற இடத்துல ரெண்டு செகண்ட் நிக்குது, அப்புறம் தானாவே மாடிக்கு மாறிடுது. மாடி ரவுட்டர் மேல 192.168.1.2ன்னு பேப்பர்ல எழுதி ஒட்டிட்டேன். நாளைக்கு காலைல 10 மணிக்கு மீட்டிங், கதவை சாத்திட்டு உக்காரப் போறேன்.