கல்யாணப் படத்தொகுப்பில் நேரம் எங்கே போகிறது: பிராக்ஸி போடுவதா, மூலப்பதிவிலேயே வெட்டுவதா?

கும்பகோணம் எடிட்டர்:

சென்ற வாரம் இங்கே ஒரு நண்பர், நான்கு கேமராக்களில் எடுத்த கல்யாணப் பதிவு, காட்சிகளை வரிசையாக அடுக்கித் தொகுக்கும் டைம்லைனில் திக்கித் திக்கி ஓடுவதாக எழுதியிருந்தார். புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குமாறு பலரும் அவருக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் வெட்டுக்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகளை, குறிப்பாகப் பிராக்ஸி எனப்படும் இலகுவான தற்காலிக நகலை உருவாக்குவதை, முறையாகச் செய்துவிட்டால், கையில் இருக்கும் கணினியே பெரும்பாலும் போதும் என்பது என் உறுதியான கருத்து.

இன்றைய கேமராக்கள் பலவும் எச்.265 என்னும் சுருக்க வகையில், நிற விவரம் கூடுதலாகப் பதியும் 10 பிட், 4:2:2 ஆகப் பதிவு செய்கின்றன. அந்த வகையில் எல்லா ஃபிரேம்களும் (வீடியோவின் தனித்தனிப் படங்களும்) முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. பெரும்பாலானவை பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டுமே வைத்திருக்கும். ஆகவே மாங்கல்யதாரணத்தின் நடுவில் ஓரிடத்தில் நாம் நிறுத்தினால், கணினி அதற்கு முந்தைய முழு ஃபிரேமிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு அந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது. தொகுப்புக்கு ஏற்ற புரோரெஸ் என்னும் வகையில் உருவாக்கிய பிராக்ஸியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்பதால் அந்தச் சுமை இல்லை. 1080 அளவில், நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில், அது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 17 ஜிபி பிடிக்கும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்த 4கே மூலம் அதே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரவில் கார்டுகளை இறக்கி, இரண்டு ஹார்டு டிஸ்குகளில் நகல் எடுத்து, பிராக்ஸி உருவாக விட்டுவிட்டுப் படுத்தால், விடிந்ததும் தொகுப்பைத் தொடங்கலாம்.

திருவாரூர் ஸ்டுடியோ:

ஐயா சொல்லும் முறை ஒரு மாதம் கழித்து ஆல்பத்தோடு படம் கொடுக்கிறவர்களுக்குப் பொருந்தும். காலை ஆறு மணி முகூர்த்தத்தை மாலை வரவேற்பின் திரையில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று வீட்டார் கேட்கிற காலம் இது. மண்டபத்தின் ஓர் அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு, நான்கு கேமராப் பதிவுக்கும் பிராக்ஸி உருவாகும் வரை காத்திருக்க நேரம் இல்லை. நடுவில் மின்சாரம் போனால் அந்த வேலையும் பாதியில் நின்றுவிடும்.

கணினியில் எச்.265 பதிவின் சுருக்கத்தைப் பிரித்துப் படமாக்கும் வசதி வன்பொருளிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலிகளில் உள்ள உள்ளமைந்த கிராபிக்ஸ், 10 பிட் 4:2:2 பதிவை நேரடியாகவே பிரித்துவிடும். என்விடியாவிலோ ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளுக்கு அந்த 4:2:2 வகை பிடிபடாது. விலையுயர்ந்த கார்டு வாங்கியும் படம் திக்குகிறது என்று வருந்துகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். செயலி வாங்கும்போது பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். இதற்குப் பிறகும் தடங்கல் இருந்தால், ஓட்டிப் பார்க்கும் தெளிவைக் கால் பங்காகக் குறைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் நேரத்தைத் தின்பது கை. ஜே, கே, எல் விசைகளால் பின்னும் முன்னும் ஓட்டி நிறுத்தவும், எல் விசையை மீண்டும் தட்டி இரட்டை வேகத்தில் பார்க்கவும், ஐ, ஓ விசைகளால் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கவும் விரல்கள் பழகிவிட்டால் மவுஸைத் தேடும் வேலையே குறைந்துவிடும். பிரீமியர் புரோ என்ற தொகுப்பு மென்பொருளில் கியூ விசை, கிளிப்பில் நாம் நிற்கும் இடத்துக்கு முந்தைய பகுதியையும், டபிள்யூ விசை பிந்தைய பகுதியையும் இடைவெளி விழாமல் நீக்கிவிடும். இந்த இரண்டை மட்டும் ஒரு வாரம் பழகிப் பாருங்கள் என்று என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணம் எடிட்டர்:

விசைப் பழக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தெளிவைக் கால் பங்காகக் குறைப்பதை எச்.265 பதிவுக்கு மருந்தாகச் சொல்வதை ஏற்க இயலாது. எஃபெக்ட், வண்ணத் திருத்தம் ஆகியவற்றின் சுமையை அது குறைக்கும். ஆனால் ஃபிரேமைப் பிரித்தெடுக்கும் வேலை முழு அளவிலேயே நடக்க வேண்டியிருப்பதால் திக்கல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேலும், மணப்பெண்ணின் சித்தப்பா கைபேசியில் எடுத்த காட்சியையும் சேர்க்கச் சொல்வார்கள். கைபேசிப் பதிவில் ஃபிரேம் வேகம் பெரும்பாலும் நிலையாக இருப்பதில்லை. அப்படியே டைம்லைனில் போட்டால் போகப் போக உதடும் ஒலியும் விலகும். அதை நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளாமல் நேரடியாக வெட்டத் தொடங்குகிறவர், மிச்சப்படுத்திய நேரத்தை அங்கே இழப்பார்.

திருவையாறு ஒலிப்பதிவாளர்:

இருவரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்துக் கச்சேரிப் பதிவுகளில் பாதி நேரத்தை விழுங்குவது ஒலியைப் பொருத்தும் வேலைதான். தியாகராஜர் ஆராதனையில் காவிரிக் கரைப் பந்தலில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஒருசேரப் பாடப்படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தலின் பின்புறம் நிற்கும் கேமரா மேடையிலிருந்து 28 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், ஒலி அங்கே போய்ச் சேர நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஏறத்தாழ 80 பங்கு நேரம் ஆகிறது. 25 ஃபிரேம் கணக்கில் அது இரண்டு ஃபிரேம். அந்தக் கேமராவின் மைக் ஒலியை மேடை மிக்சரின் ஒலியோடு மென்பொருள் கச்சிதமாகப் பொருத்திவிடும். ஆனால் ஒலி பொருந்தியதாலேயே படம் இரண்டு ஃபிரேம் முந்திவிடும். பாடகரின் வாய் முதலில் அசையும், குரல் பிறகு வரும். ஆகவே தானாகப் பொருத்திய பின், 14 மீட்டருக்கு ஒரு ஃபிரேம் என்ற கணக்கில் தொலைவுக் கேமராவின் படத்தைப் பின்னால் தள்ள வேண்டும்.

கல்யாணத்தில் இதற்கு நல்ல அடையாளம் கெட்டிமேளம் தொடங்கும் கணம். எல்லாக் கேமராக்களிலும் அது விழுந்திருக்கும். தவிலுக்கு அருகில் நின்ற கேமராவில் ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டிருக்கலாம் என்பதால், மென்பொருள் சொன்னதை நம்பிவிடாமல், தவில் வித்வானின் கோல் தோலில் படும் ஃபிரேமைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்வதே என் வழக்கம். அந்த ஒரு ஃபிரேமைத் தேடும்போது படம் திக்கினால் வேலை நடக்காது. அந்த அளவில் நான் கும்பகோணம் நண்பரின் பக்கம்.

திருவாரூர் ஸ்டுடியோ:

தொலைவுக் கணக்கை இதுவரை நான் யோசித்ததில்லை. பின்வரிசைக் கேமராவில் நாதஸ்வரக்காரரின் விரல் ஏன் எப்போதும் சற்று முந்துகிறது என்று பலமுறை குழம்பியிருக்கிறேன், நன்றி. கால் பங்குத் தெளிவு பற்றிய திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆயினும் எல்லாப் பதிவுக்கும் பிராக்ஸி என்பதை இப்போதும் ஏற்கவில்லை. அன்றைய மாலைக்கே கொடுக்கும் ஐந்து நிமிடப் படத்துக்கு, முகூர்த்தத்தை எடுத்த இரண்டு கேமராக்களை மட்டும் மூலத்திலேயே வெட்டுவேன். முழு நீளப் படத்துக்குப் பல கேமராப் பகுதியான முகூர்த்தத்துக்கு மட்டும் பிராக்ஸி போதும். ஒரே கேமராவில் எடுத்த நலங்குக்கும் பந்திக்கும் அது வீண் வேலை.

கும்பகோணம் எடிட்டர்:

பந்தியை விடலாம். நலங்கை விட மனமில்லை. எங்கள் பக்கத்தில் நலங்குப் பாட்டு முழுவதும் வேண்டும் என்று பாட்டிமார்கள் கேட்கிறார்கள். ஒரே கேமரா ஆனாலும் அதில் அடிக்கு ஒரு வெட்டு வருகிறது, அங்கே பிராக்ஸி இல்லாமல் நான் தொடங்குவதில்லை.