தெரிந்த கீர்த்தனை, வேறு பாணி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்யாண வரவேற்புகளில் கீர்த்தனைகளை ராக் பாணியில் வாசிக்கும் சின்னக் குழு எங்களுடையது. நான் கீபோர்டு. ஆரம்பத்தில் பாட்டு எடுக்க எங்களுக்கு ஒரே கணக்குதான்: எல்லாருக்கும் தெரிந்ததா, எடு. அப்படி எடுத்தது ‘தாயே யசோதா’.

அன்று மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்த நாதஸ்வரக்காரர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மேடையோரம் வந்து நின்றார். வாசித்து முடித்ததும் கூப்பிட்டார்.

“தம்பி, இது என்ன ராகம்?”

“தோடிங்க ஐயா.”

“தோடில காந்தாரம் எங்க நிக்கும்?”

காந்தாரம் என்றால் ச ரி க ம-வில் வரும் ‘க’. எனக்குப் பதில் வரவில்லை. அவரே மெல்லப் பாடிக் காட்டினார். அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கவே இல்லை, ரிஷபத்துக்கும் (ரி) மத்தியமத்துக்கும் (ம) நடுவே அசைந்துகொண்டே இருந்தது. என் கீபோர்டில் அது ஒற்றைக் கட்டை. அமுக்கினால் அங்கேயே நின்றுவிடும்.

“தோடிய நிக்க வெச்சா சிந்து பைரவியாட்டம் கேக்குதுப்பா. பாட்ட எடுக்கறதுக்கு முன்னால, நின்னா தாங்குமான்னு பாருங்க.”

அவர் பேச்சில் கோபமே இல்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே பட்டியலை எடுத்து ஒவ்வொரு பாட்டையும் கமகமில்லாமல், அதாவது அந்த அசைவு இல்லாமல், வெறும் ஸ்வரமாக வாசித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். ‘ரகுவம்ச சுதா’ தாங்கியது. அதன் ராகமான கதனகுதூகலத்தின் ஆரோகணம், அதாவது ஏறும் ஸ்வர வரிசை, ச ரி ம த நி க ப ச என்று தாவித் தாவிப் போகும். அந்தத் தாவலே அழகு, டிரம்ஸ் விழவும் தோதான இடம். ‘ஹிமகிரி தனயே’ இன்னும் சுலபம். அதன் ராகமான சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரங்களும் ராக் கிட்டார் பழகுகிறவர்கள் முதலில் கற்கும் மைனர் பென்டடானிக் என்ற ஸ்வர வரிசையேதான். கர்நாடக சங்கீதமே படிக்காத எங்கள் கிட்டார் தம்பி, அரை மணி நேரத்தில் தானாக ஸ்வரம் போட ஆரம்பித்துவிட்டான்.

உங்களுக்கு எது கைகொடுத்தது, எது காலை வாரியது?

•

நான் கிட்டார். ‘வாதாபி கணபதிம்’ எடுத்தபோது கை பழக்கத்தில் எஃப் மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் மூன்று ஸ்வரங்கள்) போட்டேன். சி-யை ஷட்ஜமாக (ச) வைத்தால் எஃப் மேஜரில் வருவது மத்தியமம், தைவதம் (த), ஷட்ஜம். பாட்டின் ராகமான ஹம்சத்வனியில் இல்லாத இரண்டு ஸ்வரங்களையும் ஒரே கார்டில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறேன்! பாடிய அக்கா பாதியில் நிறுத்திவிட்டார். சி மேஜர், ஜி மேஜர், ஈ மைனர் மூன்றும் ராகத்துக்குள்ளேயே அடங்கும். இன்றுவரை அந்த மூன்றோடுதான் வாசிக்கிறோம், எங்கேயும் வறட்சியாகத் தெரியவில்லை.

•

தாளத்தையும் பாருங்கள். ‘நிதி சால சுகமா’ மிஸ்ர சாபு தாளம், சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை. எங்கள் டிரம்மர் அதை எட்டாக இழுத்தார். சொல்லுக்குச் சொல் ஒரு ஓட்டை விழுந்தது. ஏழாகவே விட்டதும் சரியாகிவிட்டது.

•

வயலின் சொல்லிக்கொடுப்பவள் நான். இதே வேலையை எதிர்த் திசையில் செய்தவர் முத்துசுவாமி தீட்சிதர். வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் (பாட்டு வரிகள்) எழுதினார், அவைதான் நோட்டு ஸ்வரங்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அசைவு இல்லாத மெட்டை அசைக்காமலே விட்டார். அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் இவற்றைக் கொடுக்கிறேன்.

•

நன்றி அக்கா. தை முகூர்த்தத்துக்கு ‘நகுமோமு’ கேட்கிறார்கள். அதன் ராகமான ஆபேரியை என் கீபோர்டு கட்டைகள் தாங்காது. பாட்டு முழுவதையும் வயலினுக்குக் கொடுத்துவிட்டு, அடியில் ஷட்ஜமும் பஞ்சமமும் (ச, ப) மட்டும் நான் பிடிக்கலாம் என்றிருக்கிறேன். அப்படி வாசித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.