கலைச்சொல் வேண்டும்: சிறு படகில் நின்று தூண்டில் வீசும் இடம்

செம்பலகை:
அன்புடையீர், பழைய 14 அடி அலுமினிய ஜான் படகைத் தூண்டில்காரருக்கு ஏற்றபடி மாற்றும் கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநில ஏரிகளில் பாஸ் மீனுக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் தட்டையடிப் படகு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘காஸ்டிங் டெக்’ என்பதில் நிற்கிறேன். முன் இருக்கையிலிருந்து அணியம் (படகின் முன்மூக்கு) வரை, இருக்கை உயரத்துக்கே சட்டம் அடித்து, ஒட்டுப்பலகை போர்த்திய இடம் அது. இப்போதைக்கு ‘வீச்சுத்தட்டு’ என்று போட்டிருக்கிறேன்.

நெய்தலான்:
வீச்சுத்தட்டு வேண்டாம் ஐயா. வீச்சு என்றதும் கடற்கரையில் எவருக்கும் வீச்சுவலைதான் கண்முன் வரும். வலையை விரித்து வீசும் இடம் என்றே படிப்பார்கள்.

ஒற்றுக்காவலன்:
‘வீச்சு’ என்ற பெயர்ச்சொல்லை முன்னே வைத்ததால் வந்த வினை. வினைத்தொகையாக ‘வீசுதளம்’ என்க. ஏவுதளம் போல ஒற்று மிகாது, முக்காலமும் அடங்கும். (தளம் தமிழா வடமொழியா என்ற பழைய சண்டையை இந்த இழையில் யாரும் தொடங்க வேண்டாம்.) இன்னும் நல்ல சொல் வேண்டுமானால் குறிஞ்சிப்பாட்டுக்குப் போங்கள். ‘புலி அஞ்சு இதணம்’ ஏறித்தானே தழல், தட்டை, குளிர் என்னும் கிளிகடி கருவிகள் கொண்டு கிளி ஓட்டுகிறார்கள்? உயரத்தில் நின்று செயல்படும் இடம் இதண். ‘மீனிதண்’ என்றால் என்ன குறை?

தச்சன்:
குறை உயரத்தில் இருக்கிறது. இதணம் மரத்தின் மேல் கட்டுவது. இந்தப் படகில் பக்கச்சுவரின் விளிம்பு மட்டத்துக்குத் தளத்தை ஏற்றினாலே ஆள் நிற்கும்போது ஈர்ப்புமையம் மேலே போய், ஒரு பக்கம் சாய்ந்தால் படகு கவிழக்கூடும். இருக்கை மட்டத்தோடு நிறுத்தச் சொல்வது அதற்காகத்தான். விளிம்பு முழங்காலுக்குக் கீழே இருப்பதால் அப்போதும் கால் தடுக்கி விழலாம்.

சொல் எதுவானாலும், செம்பலகை, இவற்றைக் கையேட்டில் சரிபாருங்கள். சட்டத்துக்கு ஒன்றரை அங்குல அலுமினிய எல்-கோணம், 3/16 அங்குல அலுமினிய ரிவெட். மேலே அரை அங்குல ஒட்டுப்பலகை. அதன் வெட்டு ஓரங்களுக்கும் திருகுத் துளைகளுக்கும் எபாக்சி (நீர் புகாமல் தடுக்கும் பிசின்) பூசியே ஆக வேண்டும், நீர் முதலில் இறங்குவது அங்கேதான். கடைக்காரர் ‘அழுகாது’ என்று தரும் மருந்தேற்றிய பலகை கூடவே கூடாது. அந்த மருந்தில் செம்பு உண்டு. ஈரத்தில் அலுமினியத்தைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும்.

நடு இருக்கையை அறுத்து இடம் பண்ணுவது பலருக்கும் ஆசை. அதுதான் இரு பக்கச்சுவர்களையும் பிடித்திருக்கும் குறுக்குக்கட்டு. அறுத்தால் தகடு அலையில் நெளிந்து, ரிவெட் தளர்ந்து ஒழுகும். இருக்கைக்குள் மிதவை நுரையும் இருக்கும். ஒரு கன அடி நுரை ஏறத்தாழ 27 கிலோவைத் தாங்கும். எடுத்தால் எடுத்த அளவு வேறெங்காவது வைக்க வேண்டும். பழைய படகில் அந்த நுரையே நீர் குடித்துக் கனத்திருக்கக்கூடும் என்பதால் முதலில் ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பது நல்லது.

செம்பலகை:
நன்றி. கையேட்டில் செம்பு விஷயம் ஒரு வரிகூட இல்லை, அடிக்குறிப்பாகச் சேர்க்கிறேன். இன்னொரு சிக்கல்: படகின் வங்குகள் (அடியிலுள்ள குறுக்குச் சட்டங்கள்) மேல் பரப்பும் பலகைக்கும் தனிச்சொல் வேண்டும். இரண்டையும் ‘தட்டு’ என்றால் எதன்மேல் நிற்கச் சொல்கிறேன் என்றே தெரியாது.

நெய்தலான்:
கீழே இருப்பது ‘அடித்தட்டு’. மேலே இருப்பது ‘அணியத்தட்டு’. படகுக்காரர் சொல், அகராதி தேவையில்லை.

தச்சன்:
பின்பக்கமும் ஒன்று அடிப்பார்களே? மின்மோட்டார் அணியத்தில், ஆளும் அணியத்தில். முன்பாரம் கூடி மூக்கு தாழும். 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள பேட்டரியைப் பின்னே தள்ளினால்தான் மட்டம் வரும். அந்தப் பேட்டரியை மூடப் பின்தட்டு. அங்கிருந்தும் தூண்டில் வீசுவார்கள். ‘பின் அணியத்தட்டு’ என்று எழுதுவீர்களா? (பேட்டரி பின்னே போனால் கம்பி நீளும், மின்னழுத்தம் விழும். தடித்த கம்பியும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பிரேக்கரும் வேண்டும்.)

கரும்பலகை:
வகுப்பில் சொன்னால் புரிய வேண்டும், அவ்வளவுதான் என் அளவுகோல். ‘தூண்டில் மேடை’. மேடை என்றாலே தரையைவிட உயரம். முன்மேடை, பின்மேடை என்று பிரிக்கலாம்.

ஒற்றுக்காவலன்:
புணர்ச்சி? கல் + மலை கன்மலை. தூண்டில் + மேடை ‘தூண்டின்மேடை’.

கரும்பலகை:
ஐயா, அப்படி அச்சிட்டால் எழுத்துப்பிழை என்று எனக்குத்தான் திருத்தி அனுப்புவார்கள்.

நெய்தலான்:
மேடை என்றால் கூட்டத்துக்கு மைக் வைக்கிற இடம். படகில் மேடை ஏது? ஆனாலும் வெள்ளிக்கிழமை வருகிறது, தடுக்கவில்லை.

செம்பலகை:
மூவர் ஏற்பு, ஒருவர் அரைமனது, ஒருவர் மறுப்பு. ‘தூண்டில் மேடை’, பிரித்தே எழுதுகிறேன். கீழே ‘அடித்தட்டு’.

ஒற்றுக்காவலன்:
மறுப்பு அரைமனதன்று, முழுமனது. சொல்லடைவில் ‘வீசுதளம்’ என்பதையும் அடைப்புக்குள்ளாவது போடுங்கள்.

தச்சன்:
மேடையின் மேல் கம்பளம் ஒட்டச் சொல்லும் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். கம்பளம் நீரைப் பிடித்து வைத்துப் பலகையை மேலிருந்தே அழுகவைக்கும். மணல் கலந்த வண்ணப்பூச்சு போதும், காலும் வழுக்காது. தாழ்ப்பாளும் கீலும் பலகை மட்டத்துக்குள் அடங்க வேண்டும், இல்லையேல் வீசும்போது தூண்டில் நரம்பு அதில் மாட்டும். அப்புறம், பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டிக்கு என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்?