தார் தீர்ந்த நாடா: வசனம் உயிரோடு வந்த நேரம்

சோமனூர் தறிக்காரன்

ஸ்தோத்திரம். ஓய்வுநாள் பள்ளியில் பரிசுக்காக மனப்பாடம் செய்த வசனங்கள் எனக்கு இன்றும் தலைகீழாகத் தெரியும். தெரியும் என்பதோடு சரி. அதில் ஒன்று எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தது 2022 ஜனவரிக்குப் பிறகுதான். உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது எட்டு விசைத்தறி. கூலிக்குத்தான் ஓட்டுகிறோம். பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) ஜவுளிக்காரர் கொடுப்பார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு, கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டத்திலும் தறிகளை நிறுத்தினோம். ஒரு மாதம் தாண்டியது. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த அமைதியில் தூக்கம் பிடிக்காது. ஒரு ராத்திரி தறிக்குடோனுக்குள் போய் உட்கார்ந்தேன், கையில் அப்பாவின் பழைய வேதாகமம். அவர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்த பக்கம் தானாக விரிந்தது. எல்லாம் இழந்து புலம்புகிற யோபுவின் புத்தகம், ஏழாம் அதிகாரம்: "என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் தீவிரமாய் ஓடுகிறது."

நாடா என்பது ஊடை நூலை இழுத்துக்கொண்டு தறியில் குறுக்கே ஓடுகிற கட்டை. வேதத்தில் வருகிற நாடா வேறு, நம் தறியில் ஓடுகிற நாடா வேறு என்பதுபோலத்தான் இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன். எதிரே பெட்டிக்குள் நின்றிருந்த நாடாவை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முனையிலும் இரும்புக் கூர், நடுவில் தார், அதாவது ஊடை நூல் சுற்றின குச்சி. தாரில் நாலு சுற்று நூல்தான் மிச்சம். அந்த வசனத்தின் பின்பாதி, நாட்கள் நம்பிக்கையில்லாமல் முடிந்துபோகும் என்கிறது. அன்றைக்கு அது புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஏதோ இடித்தது.

அப்புறம் ஒரு நாள் வேதபாட வகுப்பு முடிந்து ஆயரிடம் சொன்னேன். எபிரெயத்தில் அந்த இடத்தில் நம்பிக்கைக்கு இருக்கிற சொல் 'திக்வா'வாம். அதற்குக் கயிறு, நூல் என்றும் பொருள் உண்டு. ராகாப் சன்னலில் கட்டின சிவப்புக் கயிற்றைச் சொல்கிற இடத்திலும் அதே சொல்தான். அப்படியானால் என் நாட்கள் நூல் தீர்ந்து முடிகின்றன என்றும் யோபு சொல்கிறார். ஆயருக்கு அது சொல் நயம். எனக்கோ தினப்படி வேலை. தார் தீர்ந்தால் தறி தானாக நிற்க வேண்டும், எங்கள் பழைய தறிகளில் பாதி நிற்காது. நாடா பாட்டுக்கு அங்குமிங்கும் ஓடும், துணி ஒரு விரல்கூட வளராது. அந்த மாதம் முழுக்க நான் அப்படித்தான் ஓடினேன். வங்கித் தவணை, மகள் கல்லூரிக் கட்டணம், வட்டிக்குப் பணம் வாங்கின இடம் என்று.

புத்தாண்டு ஆராதனையில் அந்த வருடத்துக்கான வசனம் என்று ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா, அதில் இந்த வசனம் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் ஆசீர்வாத வசனம்தான்.

பெருந்துறையிலிருந்து

அண்ணா, தப்பாக நினைக்காதீங்க. வசனம் உயிர் பெற்றது என்றால் ஆறுதல் வந்திருக்க வேண்டும் அல்லவா? யோபு புலம்புகிறதை வாசித்து என்ன ஆறுதல்?

சோமனூர் தறிக்காரன்

ஆறுதல் வந்தது என்று நான் எழுதவில்லையே, அம்மிணி. என் வாயில் வராமல் கிடந்ததை ஒருத்தர் எப்போதோ தேவனிடமே நேராகக் கேட்டுவிட்டார். அதை வெட்டி எறியாமல் வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. எங்கப்பாவும் அதே வரியில்தான் கோடு போட்டிருக்கிறார். எந்த வருடம், என்ன கஷ்டத்தில் போட்டார் என்று கேட்க இப்போது அவர் இல்லை.

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக்காரன்

எனக்கு ஆதியாகமம் 26. ஈசாக்கு கிணறு வெட்டுகிற அதிகாரம். எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே கிணறு, முறை வைத்து இறைப்பது. தண்ணீர் கீழே போகப் போகச் சண்டை மேலே வந்தது. நாங்கள் தனியாகப் போர்வெல் போட்டோம். முதல் போர் 900 அடி, வெறும் புகைதான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர்.

ஈசாக்குக்கும் அப்படித்தானே! முதல் கிணற்றுக்குச் சண்டை, ஏசேக்கு. இரண்டாவதுக்கும் சண்டை, சித்னா. மூன்றாவதுக்கு யாரும் வாக்குவாதம் பண்ணவில்லை, ரெகொபோத், கர்த்தர் இடம் உண்டாக்கினார். எங்கள் சபையில் எழுந்து நின்று சாட்சியே சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள்.

பிறகு ஒரு மாதம் கழித்து அதே அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். ஈசாக்கின் அப்பா ஆபிரகாம் காலத்துக் கிணறுகளை அந்தத் தேசத்துப் பெலிஸ்தர் மண்ணைப் போட்டுத் தூர்த்தார்கள் என்று 15ஆம் வசனம். அங்கேயே நின்றுவிட்டேன். சண்டை முற்றின சமயத்தில் சித்தப்பா பக்கம் போகிற பைப்பை வெட்டி மண்ணைத் தள்ளி மூடினது நான்தான். அத்தனை நாளும் ஈசாக்கு நான், பெலிஸ்தர் அவர்கள் என்று வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார வைத்தார். காபி கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் வந்தது. பைப்பை நானே மாற்றித் தருகிறேன் என்றேன். "உனக்கு எப்படித் தோணுதோ பண்ணு" என்றார். பண்ணினேன். சாட்சியைத் திருத்திச் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஈரோடு, பிரப் ரோடு

எனக்கு அப்படி எதுவும் நடந்ததில்லை. நாற்பது வருடமாகத் தினம் ஓர் அதிகாரம் வாசிக்கிறேன், காலையில் டீ குடிக்கிற மாதிரி. டீ குடிக்காத நாள் தலைவலிக்கும், அவ்வளவுதான். இதையும் ஒரு அனுபவமாக யாராவது எழுத வேண்டுமே என்று எழுதினேன்.

தாராபுரம்

எங்க ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சத்தமாக வாசிப்பேன், அது கேட்கும். 126ஆம் சங்கீதத்தில் "தான் அறுத்த அரிகளைச் சுமந்துகொண்டு" என்று வரும். அரி என்றால் அரிசி என்று நினைத்து, மூட்டை தூக்கி வருகிறவனை மனதில் வைத்திருந்தேன். ஆத்தா சிரித்துவிட்டது. "அரிசி இல்ல சாமி, அரி. அறுத்து கையில புடிக்கிறது" என்று, இடது கையால் காற்றில் தாளைப் பிடித்து வலது கையால் அறுத்துக் காட்டியது. அமராவதி வாய்க்காலில் அறுப்புக்குப் போன கை. அதற்கு முன் அந்த வசனத்தில் எனக்கு ஆளே கிடையாது.

சோமனூர் தறிக்காரன்

காங்கேயத்து அண்ணா, சித்தப்பா அப்புறம் பேசினாரா?

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துக்காரன்

பேசவில்லைங்க. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வாசலில் ஒரு பூவன் வாழைத்தார் இருந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. பூவன் அந்தப் பக்கத்தில் அவர் தோட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது.