வாயில் 85 மீட்டர் தள்ளி இருக்கிறது: இன்டர்காம் பூட்டு திறக்கவில்லை, இரவில் படமும் கலைகிறது

தோப்புவீடு:
வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகே தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு இருக்கிறது. வெளிவாயில் அங்கிருந்து 85 மீட்டர் தொலைவில் உள்ளது. முழங்கால் வலியுள்ள அம்மா ஒவ்வொரு முறையும் நடந்து போய்த் திறக்க வேண்டாம் என்பதற்காக, நான்கு ஒயர் வீடியோ இன்டர்காம் ஒன்றை வாங்கினோம். பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருந்தது. லேன் கேபிளும் (கணினிகளை இணைக்கும், நான்கு ஜோடிகளாக எட்டுக் கம்பிகள் உள்ள கேபிள்) 100 மீட்டர் வரை போகும் என்று கடையில் சொன்னதால், அதையே வாயில் விளக்கின் ஒயர் செல்லும் பைப்பிலேயே இழுத்துவிட்டோம். மேசைமேல் ஒரு மீட்டர் ஒயரில் இணைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. இப்போது பகலில் பேச முடிகிறது. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்ததும் படத்தில் கோடுகள் ஓடுகின்றன. அதே கேபிளின் இன்னொரு ஜோடியில் வீட்டிலிருந்து மின்சாரம் பெறும் 12 வோல்ட் பூட்டு அதிர்கிறதே தவிர, திறப்பதில்லை. வாயில் விளக்கைப் போட்டால் பேச்சோடு ரீங்காரமும் கேட்கிறது. கருவியை மாற்ற வேண்டுமா?

செம்புக்கம்பி:
ஐயா, கருவியை மாற்றுவதற்கு முன் கேபிளை அளந்து பாருங்கள். இரு முனைகளையும் கருவிகளிலிருந்து கழற்றி, வாயில் முனையில் ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு, வீட்டு முனையில் மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். மீட்டர் ஒயர்களின் சொந்த மின்தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். மீண்டும் இணைத்த பின், வாயில் அலகுக்குப் பகலிலும் இரவிலும் எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்றும், பூட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் சொல்லுங்கள். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே என்ன நிறம் தெரிகிறது என்பதும் முக்கியம்.

தோப்புவீடு:
அளந்துவிட்டேன். ஒரு ஜோடி 23 ஓம் காட்டுகிறது. வீட்டில் 15 வோல்ட் புறப்படுகிறது. வாயிலில் பகலில் 12.2, இரவில் 10.4 வோல்ட். பூட்டின் மேல் 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று உள்ளது. சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது.

செம்புக்கம்பி:
அந்த வெள்ளைதான் காரணம். உங்களுக்குக் கொடுத்தது செம்பு பூசிய அலுமினியம். தரப்படி அமைந்த சுத்தச் செம்பு லேன் கேபிளில் ஒரு கம்பி 100 மீட்டருக்கு 9.38 ஓமைத் தாண்டக் கூடாது. போக வர 170 மீட்டர் என்று கணக்கிட்டால் உங்கள் ஜோடி 16 ஓமுக்குள் நின்றிருக்க வேண்டும்.

பூட்டின் கதையைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் இழுக்கும் சுருளின் மின்தடை 24 ஓம். அதற்கு முன்னால் 23 ஓம் கேபிளைத் தொடராக வைத்திருக்கிறீர்கள். மின்னழுத்தம் இரண்டுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து, பூட்டுக்கு 6 வோல்ட் சொச்சம்தான் கிடைக்கிறது. அந்த வலு தாழை அசைக்கும், இழுக்காது. சுத்தச் செம்பே ஆனாலும் இவ்வளவு மெல்லிய கம்பியில் இந்தப் பூட்டுக்கு 7 வோல்ட்டுக்கு மேல் பெரிதாக வந்திருக்காது.

படம் கலைவதும் இதே நோய்தான். இரவில் குறையும் 4.6 வோல்ட்டை 23 ஓமால் வகுத்தால் 200 மில்லி ஆம்பியர். மின்சாரம், கிரவுண்ட், ஒலி, படம் என்ற நான்கு ஒயர் முறையில் மின்சாரம் திரும்பி வரும் கிரவுண்ட் கம்பியே ஒலிக்கும் படத்துக்கும் பொதுவானது என்பதால், அந்தக் கம்பியில் விழும் மின்னழுத்தம் அவற்றின் அடிமட்டத்தையே ஆட்டிவிடுகிறது.

லேன் கேபிளின் 100 மீட்டர் என்பது கணினி வலையமைப்பின் சமிக்ஞைக்கான வரம்பு. இன்டர்காம் பெட்டியில் போட்டிருக்கும் தூரமோ குறிப்பிட்ட கனமுள்ள கம்பியை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. அந்தக் கனத்தைக் கையேட்டின் உள்பக்கத்தில்தான் தேட வேண்டியிருக்கும். இதைக் கடைகளில் யாரும் விளக்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஒயர்மேன்:
பூட்டுக்குத் தனியாக இரண்டு கோர் 1.5 ஸ்கொயர் (1.5 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கம்பி) செம்பு ஒயர் இழுங்கள். 170 மீட்டருக்கு 2 ஓம் சொச்சம்தான் வரும். பூட்டுக்கு 11 வோல்ட் கிடைக்கும். வாயிலிலேயே ஒரு மின்வழங்கியை வைத்து வெளி அலகின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகத் திறக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். நான் அதைச் செய்வதில்லை. வெளி அலகைப் பெயர்த்தெடுத்து இரண்டு ஒயரைத் தொட வைத்தால் எவனும் உள்ளே வந்துவிடுவான்.

ரீங்காரம் 230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்பில் போவதால் வருவது. ரீங்காரத்தைவிடப் பெரிது உயிர் ஆபத்து: உள்ளே ஒயரின் உறை தேய்ந்தால் அம்மா தொடும் கருவிக்கே அந்த மின்சாரம் வரும். விளக்கின் சுவிட்சை இப்போதே அணைத்து வையுங்கள். தனி பைப்பை 30 சென்டிமீட்டராவது தள்ளிப் பதியுங்கள்.

தோப்புவீடு:
விளக்கை அணைத்துவிட்டேன். எப்படியும் பள்ளம் தோண்டுவதால் லேன் கேபிளையும் மாற்றலாமா?

செம்புக்கம்பி:
மாற்றுங்கள், அலுமினியம் திருகுமுனைகளில் நாளடைவில் தளரும். பூட்டு தனியே போய்விடுவதால் எட்டுக் கம்பிகளும் இன்டர்காமுக்கே மிஞ்சும். ஒரு ஜோடியில் படமும் கிரவுண்டும், இன்னொரு ஜோடியில் ஒலியும் கிரவுண்டும் செல்லட்டும். மிச்சம் நான்கில் மூன்றை மின்சாரத்துக்கும் ஒன்றைக் கிரவுண்டுக்கும் சேர்த்தால் இருபக்கமும் மும்மூன்று கம்பிகளாகும். மின்தடை மூன்றில் ஒன்றாகிவிடும். புதைக்கும் முன் கேபிளைச் சுருளாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள்.

தோப்புவீடு:
வேலை முடிந்தது. புதிய கேபிளின் ஜோடி, புதைக்கும் முன் 15 ஓம் காட்டியது. நேற்று இரவு வாயிலில் 14 வோல்ட், பூட்டில் 11 வோல்ட். விளக்கு எரியும்போதும் பேச்சு தெளிவாக இருக்கிறது. இன்று காலை பால்காரருக்கு அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே வாயிலைத் திறந்தார். இருவருக்கும் நன்றி.